நான்கு மணி இருபத்தைந்து நிமிடம்

அத்தியாயம் 14

சின்னவன் முகத்தைப் பார்க்காமல் ஆபரேஷன் மேஜையில் ஏற மாட்டேன் என்று அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். வால்வு கெட்டுப்போன இதயத்தோடு மூன்று வாரமாக நான்காவது மாடி வார்டில் கிடக்கிறவள், டாக்டரிடம் அத்தனை கறாராகப் பேசியதைக் கேட்டு அப்பாவே வாயடைத்துப் போனார்.

பெரியவள்தான் டாக்டரின் அறை வாசலில் காத்துக் கிடந்தாள். காலை ஒன்பது மணிக்கு வைத்திருந்த ஆபரேஷனைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சினாள். டாக்டருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இடையில் ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சம்மதித்தார்.

அந்தக் கையெழுத்தும் பெரியவளுடையதுதான். அந்தக் குடும்பத்தில் எந்தத் தாளை எடுத்தாலும் அடியில் அவள் கையெழுத்துதான் இருக்கும்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக அதே ஜன்னலோர நாற்காலி. எந்த ஊருக்கு எந்தக் கிழமை எத்தனை மணிக்கு விமானம், நடுவில் எங்கே இறங்கி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொல்வாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு மணிக்கூண்டு என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். தம்பி படிப்பு முடியட்டும், தம்பிக்கு வேலை கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட்டதில் அவள் கல்யாணம் தள்ளியே போய்விட்டது. அவள் இதுவரை ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை.

தம்பி இருக்கும் நகரம் மற்றவர்களுக்குக் கண்காணாத தூரம். அவளுக்கு அது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இங்கிருந்து போக நான்கு மணி பத்து நிமிடம். அங்கிருந்து வர நான்கு மணி இருபத்தைந்து. அங்கே கடிகாரம் இங்கேயுள்ளதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். ஏழு வருடத்துக்கு முன் அவன் வேலை கிடைத்து மனைவி, மகளோடு போனபோது அவள்தான் டிக்கெட் போட்டாள். அதற்குப் பிறகு அவன் இரண்டு தடவை வந்தான். கடைசியாக வந்து மூன்று வருடமாகிறது.

இந்தத் தடவையும் டிக்கெட் போடவா என்று கேட்டாள். கம்பெனியே போட்டுவிட்டதாகச் சொன்னான்.

*

காலை ஆறரைக்கெல்லாம் அவள் வார்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அம்மாவுக்கு உடம்பு துடைத்து, தலை வாரி, இரண்டு பக்கமும் ஒட்டிப்போயிருந்த கன்னத்தில் லேசாகப் பவுடர் போட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி அங்கியைக் கழற்றிவிட்டு அரை மணி நேரத்துக்காவது புடவை கட்டிக்கொள்கிறேனே என்று அம்மா கேட்டாள். நர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. பையன் பயந்துவிடப் போகிறான் என்றுதான் அம்மாவுக்குக் கவலை.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அம்மா கேட்டாள்.

"போறதைவிட வர்றதுக்கு ஏன் கூட நேரம் ஆகுது?"

"எதிர்க்காத்தும்மா. வர்றப்ப முன்னாடியிருந்து அடிக்கும்."

"போறப்ப தள்ளிவிடுது, வர்றப்ப மறிக்குது. நல்ல காத்துதான்" என்றாள் அம்மா.

எட்டு இருபதுக்கு ஃபோன் வந்தது. அப்பா வார்டு முழுக்கக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். ஏறி உட்கார்ந்தாயிற்று, ஜன்னலோர இடம், ஃபோனை அணைக்கச் சொல்கிறார்கள், மத்தியானம் பார்க்கலாம் என்று சின்னவன் அவசர அவசரமாகச் சொன்னான். ஃபோனை வைத்த பிறகும் அம்மா அந்தத் திரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வார்டு நர்ஸ் சின்னப் பெண். கலகலப்பானவள். விமானம் இப்போது எங்கே பறக்கிறது என்று காட்டும் ஒரு செயலியைத் தன் ஃபோனில் இறக்கி, அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். நீல நிறக் கடலும், அதன் விளிம்பில் மஞ்சள் நிறத்தில் பொட்டுப் போல ஒரு விமானமும் தெரிந்தன. இன்னும் கிளம்பவில்லை, கிளம்பியதும் இந்தப் பொட்டு நகரும், அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள் பாட்டி, பையன் வந்துவிடுவார் என்றாள். மூன்று வாரத்தில் முதல்முறையாக அம்மா சிரித்தாள்.

சின்னவனை அழைத்துவரக் கீழ்வீட்டுக்காரர் தன் காரையும் டிரைவரையும் கொடுத்திருந்தார். அதெல்லாம் வேண்டாம், நானே வந்துவிடுவேன் என்று சின்னவன் நேற்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். அப்பா கேட்கவில்லை. வெளியே வரும் வாசலில் பெயர் அட்டையோடு டிரைவர் நிற்பான் என்று முடித்துவிட்டார்.

டிரைவர் மட்டும் போவதாகத்தான் ஏற்பாடு. அம்மாவின் முகத்தைப் பவுடரோடு பார்த்த பிறகு பெரியவளுக்கு மனசு மாறியது. அவன் கடைசியாகப் பார்த்த அம்மா வேறு. இந்த அம்மாவைத் திடீரென்று பார்த்தால் அவன் உடைந்து அழுதுவிடுவான், அதைப் பார்த்து அம்மாவும் அழுவாள். வரும் வழியிலேயே காரில் அவனைத் தயார்ப்படுத்த வேண்டும், கையைப் பிடித்துக்கொள், சிரித்துப் பேசு, இளைத்துவிட்டாய் என்று மட்டும் சொல்லிவிடாதே என்று சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தானும் கிளம்பினாள்.

வழியில் அலுவலகத்தில் இறங்கி, ஒரு கல்யாணக் கோஷ்டியின் டிக்கெட்டுகளை அடுத்த மேஜைக்காரியிடம் ஒப்படைத்தாள். அப்படியே கம்ப்யூட்டரில் தம்பியின் விமானத்தையும் பார்த்தாள். முப்பத்தைந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியிருந்தது. ஒன்று ஐந்துக்கு இறங்க வேண்டியது ஒன்று நாற்பதுக்குத்தான் இறங்கும். விமான நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். மூன்று மணிக்குள் எப்படியும் போய்விடலாம்.

பாவம், ஏறி உட்கார்ந்து முப்பத்தைந்து நிமிடம் சும்மாவே அடைந்து கிடந்திருப்பான் என்று நினைத்தாள்.

*

விமான நிலையத்துக்கு அவள் வந்தபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. டிரைவர் காரை நிறுத்தப் போனான். பயணிகள் வெளியே வரும் வாசலுக்கு எதிரே, கண்ணாடிச் சுவர் ஓரமாக இருந்த இரும்பு நாற்காலியில் ஒரு காகிதக் கோப்பை காபியோடு அவள் உட்கார்ந்தாள்.

அங்கிருந்து பார்த்தால் நகரப் பேருந்துகள் வந்து நிற்கும் இடம் தெரியும்.

பன்னிரண்டு ஐந்துக்கு வந்த பேருந்திலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். எல்லாருக்கும் கடைசியாக ஒருவன் சக்கரம் வைத்த பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கினான். சாம்பல் நிறச் சட்டை, சட்டைப்பையின் மேல் ஏதோ கம்பெனியின் பெயர் தைத்திருந்தது, முழங்கைவரை கிரீஸ் கறை. இறங்கியவன் பெட்டியைத் தரையில் வைத்து, அதன் சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினான்.

அந்தத் தட்டலில்தான் பெரியவள் அவனை அடையாளம் கண்டாள். சின்ன வயதில் சைக்கிளை அப்படித்தான் தட்டுவான்.

கையிலிருந்த காபி அப்படியே நின்றது. அவனைப் போலவே ஒருவன் என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் ஆகாயத்தில் இருக்கிறான், கடலுக்கு மேலே, இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அவன் உள்ளே வந்தான். அவளைப் பார்க்கவில்லை. நேராகக் கழிப்பறைக்குப் போனான். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டை, மேலே கோட்டு, வாரிய தலை. மூன்று வருடத்துக்கு முன் வந்தானே, அதே கோலம். பெட்டியை உருட்டிக்கொண்டு, வருகைப் பலகையை அண்ணாந்து பார்த்தான். தாமதம் என்று எழுதியிருந்ததைப் படித்து உதட்டைக் கடித்தான். பிறகு உட்கார இடம் தேடித் திரும்பினான்.

பெரியவள் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உட்காரு" என்றாள்.

அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடிவிடலாமா என்பது போல ஒரு தடவை வாசலைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். எதிரே பலகையில் அவன் வந்துகொண்டிருக்கும் விமானத்தின் எண் மினுக்கிக்கொண்டிருந்தது.

"எப்ப வந்தே?"

"அக்கா..."

"எப்ப வந்தேன்னு கேட்டேன்."

"பதினோரு மாசம் ஆச்சு."

ஒரு நாள் முன்னால், இரண்டு நாள் முன்னால் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள். பதினோரு மாசம் என்ற சொல் அவள் காதில் ஏறவே கொஞ்சம் நேரம் பிடித்தது.

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொல்லச் சொல்ல, பெரியவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவன் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வேறு வேலை தேட இரண்டு மாதம் கெடு, அதற்குள் கிடைக்கவில்லை, விசா முடிந்துவிட்டது. அவன் மனைவிக்கு அங்கே ஆஸ்பத்திரியில் வேலை, தனி விசா. மகளின் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்த முடியாது, நீங்கள் மட்டும் போங்கள் என்றாள். விமான நிலையத்துக்கு வழியனுப்பக்கூட அவள் வரவில்லை. இப்போது வாரத்துக்கு ஒரு தடவை மகளோடு பேசவிடுகிறாள், அதற்கும் முன்னாலேயே செய்தி அனுப்பிக் கேட்க வேண்டும்.

இங்கே வந்து இறங்கியவன் வீட்டுக்கு வருவதற்காகத்தான் டாக்ஸி பிடித்தான். பாதி வழியில் அப்பா ஃபோன் செய்தார். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் உன்னைப் பற்றித்தான் பேச்சு, கீழ்வீட்டுக்காரர் பையனுக்கும் அங்கே ஒரு வேலை பார்த்துக் கொடேன் என்றார். டாக்ஸியை வேறு பக்கம் திருப்பச் சொல்லிவிட்டான். நகரத்தின் மறுகோடியில், ஒரு கிடங்குக்குப் பின்னால் அறை. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை.

"வீட்டுக்கும் அந்த ரூமுக்கும் எவ்வளவு தூரம்?"



"இருபத்திரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஒரே பஸ்" என்றான்.

இந்தப் பதினோரு மாதமும் அவன் செய்த ஃபோன்கள் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எப்போதும் இரவு ஒன்பது மணிக்குத்தான் பேசுவான். அம்மா இரண்டு வார்த்தை பேசுவதற்குள், இங்கே பதினொன்றரை ஆச்சும்மா, காலையில் வேலைக்குப் போகணும் என்பான். ஐயோ பாவம், அவன் தூங்கட்டும் என்று அம்மாவே அவசரமாக வைத்துவிடுவாள். முகம் பார்த்துப் பேசலாமே என்றால் கம்பெனி குடியிருப்பில் நெட் சரியில்லை என்பான். இரண்டரை மணி நேர வித்தியாசத்தைத் தம்பிக்கு முதன்முதலில் கணக்குப் போட்டுச் சொல்லிக்கொடுத்தவளும் பெரியவள்தான்.

"அம்மாவுக்கு உடம்பு முடியலேன்னு தெரிஞ்சப்பகூடவா உனக்கு வரத் தோணலே?"

"வந்தேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுபோனதே, அதைச் சரிசெய்ய வந்தது நான்தான் என்றான் அவன்.

அந்த நாளைப் பெரியவள் எப்படி மறப்பாள்? அம்மாவைக் கீழ்த்தளத்துக்கு ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சக்கர நாற்காலியில் உட்காரவைத்து லிஃப்ட் வாசலில் நாற்பது நிமிடம் நின்றார்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பெரியவள் பொறுமையிழந்து, மூடிக் கிடந்த லிஃப்ட் கதவைக் கையால் தட்டி, உள்ளே வேலை செய்கிறவர்களைக் கேட்கக் கூடாத வார்த்தையெல்லாம் கேட்டாள்.

"அந்தக் கூண்டு மேலதான் நின்னுட்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம். நீ திட்டினது கேட்டுச்சு." அவன் குரல் இறங்கியது. "அம்மா உன்னைச் சமாதானப்படுத்தினாங்க. அவங்களும் யாரோ பெத்த பிள்ளைங்கதானே, பேசாம இருன்னு சொன்னாங்க. எல்லாம் கேட்டுச்சு."

"கேட்டுட்டு?"

"சரி பண்ணிட்டுப் பின்பக்கப் படி வழியாப் போயிட்டேன்."

பெரியவளுக்கு அழுகை வரவில்லை. அது வந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இந்த மூன்று வாரமும் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, முதுகு துடைத்து, வார்டு நாற்காலியில் கழுத்தை மடக்கித் தூங்கி, காலையில் அங்கிருந்தே அலுவலகம் போனவள் அவள். ஒவ்வொரு நாளும், அவன் பக்கத்தில் இருந்தால் ஓடி வந்திருப்பான், தூரம்தான் அவனைத் தடுக்கிறது என்று அம்மா சொல்வாள். பெரியவளும் ஆமாம் போட்டாள். அம்மாவுக்காகச் சொன்ன ஆமாம் இல்லை, அவளும் அதை நம்பினாள். அவளுக்குத்தான் அந்தத் தூரம் எவ்வளவு என்று தெரியுமே.

"இப்ப மட்டும் ஏன் வந்தே?"

"நான் வரலேன்னா ஆபரேஷனுக்குப் போக மாட்டாங்கன்னு அப்பா சொன்னாரு." கொஞ்சம் பொறுத்து, "நாலு நாள் இருந்துட்டுத் திரும்பிப் போற மாதிரி போயிடறேன் அக்கா. யார்கிட்டேயும் சொல்லிடாதே" என்றான்.

அவள் எழுந்தாள். மணி பன்னிரண்டு நாற்பது. இப்போதே காரில் ஏறினால் ஒன்றரைக்குள் அம்மா பக்கத்தில் இருக்கலாம்.

இரண்டடி வைத்தவளுக்குத் தலையணை ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த ஃபோன் ஞாபகம் வந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மஞ்சள் பொட்டு இன்னும் கடல் மேலே இருக்கும்போது, பையன் வாசலில் வந்து நின்றால் என்ன சொல்வது? அந்த நர்ஸ் கேட்பாள், பக்கத்துப் படுக்கைக்காரி கேட்பாள். வால்வு கெட்ட இதயத்துக்கு இதுவும் சேர்ந்து வேண்டுமா? ஆபரேஷன் மூன்று மணிக்குத்தானே? அவசரம் ஒன்றுமில்லை. மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். விமானம் இறங்கும் நேரம் ஒன்று நாற்பது. வெளியே வர அரை மணி நேரம் ஆகும், ஆனால் கையில் ஒரே பெட்டி, பத்து நிமிடத்தில் வந்துவிட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒன்று ஐம்பதுக்கு இங்கிருந்து கிளம்பினால் இரண்டு முப்பத்தைந்துக்கெல்லாம் போய்விடலாம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அம்மாவுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் பையன் கிடைப்பான்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"பிளேன் இறங்கட்டும்" என்றாள்.

அவனுக்கு அது புரிந்தது. அக்காவை நன்றியோடு பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் சகிக்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருவன் பொய் சொல்கிறான் என்பது போய், இப்போது இரண்டு பேர் சேர்ந்து பொய்யைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

*

ஒன்று பத்துக்கு அப்பா ஃபோன் செய்தார்.

மூச்சுத் திணறல். திடீரென்று வந்துவிட்டது. நாடி இறங்குகிறதாம், மூன்று மணிவரை காத்திருக்க முடியாதாம். இப்போதே உள்ளே கொண்டுபோகிறார்கள். அவன் இறங்கியதும் ஒரு நிமிடம்கூட நிற்காமல் நேரே கூட்டிக்கொண்டு வா என்று அப்பா தடுமாறித் தடுமாறிச் சொன்னார். பின்னால் தள்ளுவண்டியின் சக்கர ஓசை கேட்டது.

பெரியவள் ஓடினாள். பெட்டியை இழுத்துக்கொண்டு அவனும் பின்னால் ஓடினான். டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விமானம் இன்னும் இறங்கவில்லையே என்று கேட்க வாயெடுத்தவன், கண்ணாடியில் பெரியவளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரை விரட்டினான்.

பன்னிரண்டு நாற்பதுக்குக் கிளம்பியிருந்தால். அந்த ஒரு கணக்கு மட்டும் வழிநெடுக அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை தடவை போட்டாலும் விடை ஒன்றுதான். ஒன்று இருபத்தைந்துக்குப் போயிருப்பார்கள், அப்போதும் அம்மா உள்ளே போயிருப்பாள். அது உண்மைதான். ஆனால் அவனைப் பார்த்த நிமிடமே, பன்னிரண்டு ஐந்துக்கே, அவன் சட்டையைப் பிடித்துக் கேள்வி கேட்காமல் காருக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தால்? பன்னிரண்டு ஐம்பது. அம்மா விழித்துக்கொண்டு, பவுடர் கலையாமல் படுத்திருந்திருப்பாள்.

பதினோரு மாதம் இருந்தது. கடைசியில் இருபது நிமிடம் இல்லாமல் போயிற்று.

*

ஆபரேஷன் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். சின்னவனைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"அவ்வளவு தூரத்துலேருந்து பறந்து வந்திருக்கான் பாரும்மா" என்றார் பெரியவளிடம். "முகமெல்லாம் வாடிப் போச்சு. கீழே போய் இவனுக்கு ஏதாவது வாங்கிட்டு வா."

பெரியவள் அசையவில்லை. காலையிலிருந்து அவளும் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்பாவுக்குத் தோன்றவில்லை. என்றைக்குமே தோன்றியதில்லை.

வார்டு நர்ஸ் அம்மாவின் பொருட்களை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். மூக்குக் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. சின்னவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐம்பத்தெட்டு. தன் ஃபோனைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். அவள் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்தது. கேட்க வந்ததைக் கேட்காமல், பையைப் பெரியவளிடம் நீட்டினாள்.

"தள்ளிட்டுப் போறப்பகூட ஃபோனை விட மாட்டேன்னுட்டாங்க அக்கா" என்றாள் தணிந்த குரலில். "கதவுகிட்ட வந்தப்பதான் பொட்டு கரையைத் தொட்டுச்சு. கடலைத் தாண்டிட்டான், இனிமே பயமில்லைன்னு சொல்லிட்டு என் கையில கொடுத்தாங்க."

சின்னவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கினான். அப்பா அவனைத் தூக்கிப் பெஞ்சில் உட்காரவைத்தார். களைப்பு, இரண்டு ஊர் நேரத்துக்கும் உடம்பு பழக வேண்டாமா என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பக்கத்தில் காத்திருந்த ஒருவரிடம், என் பையன் வெளிநாட்டில் பெரிய வேலை, அம்மாவுக்காகப் போட்டது போட்டபடி வந்திருக்கிறான் என்றார். பெரியவளை அவருக்கு அறிமுகப்படுத்தவில்லை.

மூன்று மணி நேரமாவது ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். காத்திருந்தார்கள். பெரியவள் பவுடர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரோரம் நின்றாள்.

கொஞ்சம் தெளிந்த பிறகு அப்பா மகனைக் கேட்டார்.

"எப்பப்பா திரும்பிப் போகணும்?"

சின்னவன் அக்காவைப் பார்த்தான். சொல்லிவிடாதே என்று கேட்கும் அதே பார்வை. சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு, மதிப்பெண் தாளை ஒளித்து வைத்துவிட்டு, அவளைத்தான் இப்படிப் பார்ப்பான். அவளும் நான்தான் உடைத்தேன் என்று போய் நிற்பாள்.

"ஞாயித்துக்கிழமை போறான்ப்பா" என்றாள் பெரியவள்.

அப்பா, அதற்குள்ளாகவா என்று வருத்தப்பட்டார். சின்னவனின் தோள்கள் இறங்கின. காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

அவள் பவுடர் டப்பாவைப் பைக்குள் போட்டுவிட்டு ஃபோனை எடுத்தாள். அலுவலகத்தின் டிக்கெட் பக்கத்தைத் திறந்தாள். போகும் ஊர், தேதி, ஒரு ஆள், ஒருவழி. விரல் தயங்காமல் ஓடியது.

"கம்பெனி திரும்பிப் போற டிக்கெட் போடலையாம். நானே போட்டுடறேன்" என்று அப்பாவிடம் சொன்னாள். பிறகு தம்பி எதிரில் வந்து நின்றாள். "பாஸ்போர்ட் நம்பர் சொல்லு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். விசா இல்லாத ஆளை எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். அது அவனுக்குத் தெரியும். அவனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வழியனுப்ப அப்பாவும் கூடவே வருவார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கடைசிவரை பார்ப்பார் என்பதும் இருவருக்கும் தெரியும்.

"அக்கா, வேண்டாம்..."

"சொல்லுப்பா, அக்கா கேக்கறா இல்லே" என்றார் அப்பா.

அவன் ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாகச் சொல்லத் தொடங்கினான். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், தினமும் யார் யாருக்கோ செய்து கொடுக்கிற அதே வேலையைப் போல, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தாள்.

ஐந்தாவது எண்ணைச் சொல்லும்போது ஆபரேஷன் அறையின் கதவு திறந்தது.

உள்ளே போய் இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. டாக்டர் முகத்திலிருந்த துணியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். அப்பாவைப் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. தாளில் கையெழுத்துப் போட்டவளைத் தேடினார்.